ரயில்வே கேட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

சித்தப்பாவின் காரில் அந்தக் கோடையில் பேட்டரி மாறியது, ப்ளக்குகள் மாறின, கடைசியில் பெட்ரோல் பம்பும் மாறியது. இவற்றில் எதுவுமே கெட்டிருக்கவில்லை. மாற்றிய மெக்கானிக் ஏமாற்றுக்காரரும் இல்லை. ஒவ்வொன்றையும் அவர் ஒரு காரணத்தோடுதான் மாற்றினார். அந்தக் காரணங்கள் எல்லாமே கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதித்தவை. அப்படியிருந்தும் முடிவு தப்பாகப் போனது எப்படி என்பது எனக்குச் சுவாரசியமான கேள்வியாக இருந்தது.

நான் கார் மெக்கானிக் இல்லை. நீடாமங்கலம் பக்கத்தில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடப்படும். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் என் பட்டறையில் ஈ ஓட்டலாம். அணை மூடிய பிறகு கோடை நெல்லும் பருத்தியும் போர்வெல்லை நம்பி நிற்கும்போது, குறைந்த மின்னழுத்தத்தில் ஓடி ஓடி மோட்டார்கள் கருகி வாசலில் வந்து வரிசை கட்டும். ஆகவே கம்பிச் சுருளைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மற்றதை உங்கள் மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காரின் குறை இதுதான். காலையில் வீட்டில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். தஞ்சாவூர் போய்க் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் ஸ்டார்ட் ஆகும். திரும்பி வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் மட்டும் தகராறு. அந்தக் கேட்டில் காத்து நிற்காதவர்கள் டெல்டாவில் குறைவு. பயணிகள் ரயிலுக்கும் மூடும், சரக்கு ரயில் இன்ஜின் முன்னும் பின்னும் போய்ப் பெட்டிகளைச் சேர்ப்பதற்கும் மூடும். பஸ்ஸிலிருந்து இறங்கி டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் நிதானமாக ஏறிக்கொள்ளலாம். சித்தப்பா பெட்ரோலில் சிக்கனம் பார்ப்பவர். கேட் மூடியதும் இன்ஜினை அணைத்துவிடுவார். கேட் திறந்து, முன்னால் நின்ற லாரி நகர்ந்து, பின்னால் நிற்கும் பஸ் ஹாரன் அடிக்கும்போது சாவியைத் திருப்புவார். செல்ஃப் நன்றாக அடிக்கும், இன்ஜின் பிடிக்காது. நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டு அரை மணி நேரம் நின்றால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

சித்தி இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தார். அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் குறை குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வருகிறது என்று முதலில் கவனித்துச் சொன்னவர் சித்திதான். பட்டறைக்குப் போனபோது சித்தப்பா அதைச் சொல்லவே இல்லை. "சில நேரம் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னார். எந்த நேரம் என்பதில்தான் விடை முழுவதும் இருந்தது.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: செல்ஃப் மோட்டார் சுற்றுகிறதா, இல்லையா? சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுபோனால் பேட்டரி, அதன் டெர்மினல், செல்ஃப் மோட்டார் என்று அந்தப் பக்கம் தேடலாம். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் இருந்தால் போதும். செல்ஃப் துடிப்பாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை, அல்லது இரண்டுமே வரவில்லை. சித்தப்பாவின் காரில் இரண்டுமே வரவில்லை. இரண்டும் ஒரே நொடியில் தனித்தனியாகக் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் உத்தரவு கொடுக்கும் இடம் ஒன்று இருக்க வேண்டும்.

அந்த இடம் இசிஎம் என்று பட்டறைகளில் சொல்லப்படும் கம்ப்யூட்டர் பெட்டி. அதற்குக் கண் கிடையாது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை அது கிராங்க் சென்சாரைக் கொண்டு தெரிந்துகொள்கிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க் ஷாஃப்ட். அதோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல் சக்கரம் இருக்கும். பல வண்டிகளில் அது 60 பல்லுக்கு வெட்டப்பட்டு, அதில் இரண்டு பல் மட்டும் இல்லாமல் விடப்பட்டிருக்கும். மீதி 58. ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது ஒரு சின்ன மின்துடிப்பு உண்டாகும். பல் இல்லாத இடத்தில் துடிப்பு வராது. அந்த இடைவெளியை வைத்துத்தான் சக்கரம் எங்கே இருக்கிறது என்று இசிஎம் கணக்கிடுகிறது. தாளம் போடுபவர் கையைத் திருப்பி வீசும்போது சத்தம் எழாது. ஆனால் ஆவர்த்தனத்தில் எந்த இடம் என்று கேட்பவருக்கு அந்த வீச்சிலேயே பிடிபட்டுவிடும். திருவையாற்றில் ஆராதனைப் பந்தலில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

துடிப்பு வரவில்லை என்றால் இசிஎம்மைப் பொறுத்தவரை இன்ஜின் சுற்றவே இல்லை. சுற்றாத இன்ஜினுக்குத் தீப்பொறி எதற்கு? பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எதற்கு? இரண்டையும் நிறுத்தி வைக்கும். பெட்ரோல் பம்பையும் நிறுத்தும். இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. விபத்தில் இன்ஜின் நின்றுபோய்ப் பெட்ரோல் குழாயும் அறுந்திருந்தால், பம்ப் தொடர்ந்து ஓடுவது ஆபத்து. அதனால் சாவியைப் போட்டதும் இரண்டு நொடி அளவுக்கு மட்டும் பம்ப் ஓடி அழுத்தத்தை ஏற்றிவிட்டு நின்றுவிடும். இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் மறுபடியும் ஓடும்.

இப்போது மாற்றப்பட்ட பொருட்களைத் திரும்பிப் பாருங்கள். கேட்டில் நின்றபடி சித்தப்பா செல்ஃபை விடாமல் அடித்ததில் பேட்டரி இறங்கியது. பட்டறையில் மீட்டர் வைத்தபோது வோல்ட் குறைவு. புதுப் பேட்டரி வந்தது. அடுத்த முறை ஒரு மெக்கானிக் கேட்டுக்கே வந்து ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார், தீப்பொறி இல்லை. ப்ளக்குகள் வந்தன. அதற்கும் அடுத்த முறை செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். பம்ப் வந்தது. ஒவ்வொரு முறையும் மாற்றி முடிப்பதற்குள் இன்ஜின் ஆறிவிடும், ஆறினால் ஸ்டார்ட் ஆகிவிடும், மாற்றிய பொருளுக்கு நல்ல பெயர் வந்துவிடும். இதுதான் இந்தக் குறையின் தந்திரம். எதை மாற்றினாலும் சரியாகும்.

இன்னொன்றும் நடந்தது. பேட்டரியைக் கழற்றியபோது இசிஎம் நினைவில் பிழைக் குறியீடு ஏதாவது பதிந்திருந்தால் அதுவும் அழிந்துபோயிருக்கும். எல்லா வண்டிகளிலும் அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்தக் கார் வந்த காலத்து வண்டிகள் பலவற்றில் அழியும். குற்றவாளியின் கைரேகையைத் துடைத்துவிட்டுத்தான் விசாரணையே தொடங்கியது. அதனால்தான், ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால், அந்தக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்ட வேண்டும் என்று இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2013 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். கைப்பேசியோடு ப்ளூடூத்தில் பேசும் சின்ன ஸ்கேனரை அதில் செருகினாலே போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பம்ப்பும் மாறி, மறுபடியும் கேட்டில் நின்ற பிறகு, சித்தப்பா காரை மன்னார்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனார். என்னையும் கூட்டிக்கொண்டார். அண்ணன் டிராக்டரில் தொழில் படித்தவர், பேச்சு குறைவு. சித்தப்பா மாற்றிய பொருட்களின் பட்டியலைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"நிற்பதற்கு முன்னால் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும், ஐயா?"

அப்போதுதான் நான் கேட் கதையைச் சொன்னேன், சித்தியின் எலுமிச்சம்பழம் உட்பட. அவர் சிரிக்கவில்லை. "இந்தக் குறை இங்கே நிழலில் வராது, தம்பி. வர வைத்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

ஓடும் காரில் ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் சுற்றுகிறது, எதிர்க்காற்றும் அடிக்கிறது. இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுபோகிறது. இரும்புக்குள் இருந்த சூடு வெளியேற வழியில்லாமல் அக்கம்பக்கத்தில் உள்ள எல்லாவற்றின் மீதும் ஏறுகிறது. ஆகவே இன்ஜினை ஒட்டியிருக்கும் ஒரு சென்சாருக்கு மிக மோசமான நேரம், வண்டியை நிறுத்திய பிறகு வரும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம். ஒரு ரயில் கடந்து போகும் நேரம் அது. கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் நின்றால் சூடு இறங்கிவிடுகிறது, குறையும் மறைந்துவிடுகிறது.

அக்னி நட்சத்திர வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு வடுவூர் ஏரி வரை போய்த் திரும்பினோம். கோடையில் அந்த ஏரியில் தண்ணீரும் இருக்காது, பறவைகளும் இருக்காது. பட்டறை வாசலில் நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, பானெட்டைத் திறக்காமல், கேட்டில் காத்திருப்பது போலவே காத்திருந்தோம். பிறகு அண்ணன் சாவியைத் திருப்பினார். செல்ஃப் அடித்தது, இன்ஜின் பிடிக்கவில்லை. அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைச் சித்தப்பா ரசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்து நானே ஒரு பாடம் படித்தேன் எனலாம். எந்தத் திருகையும் அவர் தொடவில்லை. சாவியைப் போட்டார். சாவிப் படம் போட்ட விளக்கு எரிந்து அணைந்தது. திருட்டுத் தடுப்புப் பூட்டு வழிவிட்டது என்று அதற்குப் பொருள். அது கண்சிமிட்டிக்கொண்டே இருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. பின்சீட்டுக்கு அடியில் 'ம்ம்' என்று பம்ப் இரண்டு நொடி ஓடி நின்றது. அதாவது பம்ப்பும் அதன் ரிலேயும் உயிரோடு இருக்கின்றன. செல்ஃப் அடித்தபடி, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்க்கச் சொன்னார். அசையவே இல்லை. காலையில் சில்லென்று இருந்தபோது இதே முள் செல்ஃப் அடிக்கும்போதே சற்றுத் துள்ளியதை அவர் முன்பே பார்த்து வைத்திருந்தார். இந்த ஒப்பீடு முக்கியம். சில வண்டிகளில் நல்ல நிலையிலும் செல்ஃப் நேரத்தில் முள் அசையாது. அசையாத முள்ளை மட்டும் நம்பிச் சென்சார் வாங்கப் போகக் கூடாது.

ஸ்கேனர் சந்தேகத்தைத் தீர்த்தது. செல்ஃப் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது, திரையில் ஆர்பிஎம் பூஜ்யம். நல்ல வண்டியில் அந்த நேரத்தில் 200, 250 என்று காட்ட வேண்டும். கூடவே பி 0335 என்ற குறியீடும் விழுந்தது.

பெரும்பாலானவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். குறியீடு வந்துவிட்டது, சென்சாரை மாற்று என்கிறார்கள். ஆனால் பி 0335 சொல்வது கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் சமிக்ஞை சரியில்லை என்பது மட்டும்தான். சர்க்யூட் என்றால் சென்சார், அதில் ஒயரை மாட்டும் கப்ளர், அங்கிருந்து இசிஎம் வரை போகும் ஒயர்கள், பல் சக்கரம் எல்லாம் அடக்கம். நம் ஊரில் ஒயர் மீது சந்தேகம் வருவதற்குக் காரணமும் உண்டு. சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலிகளுக்கு வயலில் வேலை இல்லை. மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடித்தது போக மிச்சம் இருப்பவை வீட்டுப் பக்கம் வருகின்றன. ராத்திரியில் கதகதப்பாக இருக்கும் இன்ஜின் மேல்தட்டு அவற்றுக்குப் பிடித்த இடம். சித்தப்பாவின் காரிலும் ஒயர் கட்டின் மேல் சுற்றியிருந்த டேப்பை எலி கொறித்திருந்தது, வைக்கோல் துணுக்குகளும் கிடந்தன. சித்தப்பா உற்சாகமாகிவிட்டார். எலியின் மேல் பழி போட்டால் மூன்று மாதச் செலவுக்கும் ஒரு எதிரி கிடைத்துவிடுவான் அல்லவா? அண்ணன் டேப்பைப் பிரித்து, ஒயர்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். செம்பு எங்கேயும் அறுபடவில்லை, ஒன்றோடொன்று உரசவும் இல்லை. கப்ளர் முனைகளில் ஐப்பசி மழைக்குப் பிறகு படியும் பச்சைக் களிம்பும் இல்லை. எலி விடுதலையானது.

அடுத்தது எனக்குத் தெரிந்த இடம். இந்தக் காரின் கிராங்க் சென்சாரில் இரண்டே முனைகள்தான் இருந்தன. ஒரு காந்தம், அதன் மேல் முடியை விட மெல்லிய செம்புக் கம்பியில் சுற்றிய காயில், அவ்வளவுதான். மூன்று முனை உள்ள ஹால் வகையாக இருந்தால் ஓம் மீட்டர் உதவாது. அதற்கு மின்சாரம் கொடுத்து, சமிக்ஞை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு முனைக் காயிலை மீட்டரே சொல்லிவிடும். காலையில் சில்லென்று இருந்தபோது அண்ணன் அளந்து சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்த மின்தடை 900 ஓம். இந்த வகைச் சென்சாருக்கு அது நல்ல அளவு. சில்லென்று இருக்கும்போது மட்டும் அளந்திருந்தால் "சென்சார் நன்றாக இருக்கிறது" என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்.

செம்பு சூடானால் தடை கூடும். எவ்வளவு கூடும் என்பதற்குக் காயில் கட்டுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. சூடான வெப்பநிலையோடு 234.5ஐக் கூட்டி, ஆறிய வெப்பநிலையோடும் அதே எண்ணைக் கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பெருக்க வேண்டும். 30 டிகிரியில் 900 ஓம் இருந்தால் 100 டிகிரியில் ஏறக்குறைய 1,140 ஓம் வர வேண்டும். அண்ணன் கப்ளரைக் கழற்றி மீட்டர் முனைகளை வைத்தார். 1,140 இல்லை, 2,000 இல்லை, எதுவுமே இல்லை. காயில் ஓப்பன், அதாவது உள்ளே எங்கேயோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

மோட்டார்களில் இதை நான் பார்த்திருக்கிறேன். கம்பி நடுவில் அறுவதை விட, முனையோடு சேரும் பற்றவைப்பில் விட்டுப்போவதுதான் அதிகம். செம்பு ஓர் அளவுக்கு விரிகிறது, அதைச் சுற்றி வார்த்த பிளாஸ்டிக் வேறோர் அளவுக்கு விரிகிறது. வருடக் கணக்கில் சூடாகியும் ஆறியும் அந்த இணைப்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. ஆறினால் விரிசல் ஒட்டிக்கொள்ளும், சூடானால் பிரியும்.

அண்ணன் ஈரத் துணியைப் பிழிந்து சென்சாரின் மேல் போட்டார். மீட்டரை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எண்கள் தடுமாறின, வந்தன, போயின, கடைசியில் ஆயிரத்துச் சொச்சத்தில் நின்று மெல்ல இறங்கத் தொடங்கின. கப்ளரை மாட்டிச் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. சிலர் சென்சாரின் மேல் தண்ணீரையே கொட்டுவார்கள். பக்கத்தில் புகைக்குழாய் தணலாக இருக்கும், வெடிப்பு விடலாம். துணியே போதும். கையும் பத்திரம்.

மாற்றும் வேலை சின்னது. ஒரே போல்ட். பழைய சென்சாரின் காந்த நுனியில் ஒட்டியிருந்த இரும்புப் பொடியையும், அது உட்காரும் குழியையும் துடைத்துவிட்டு, புதியதன் ரப்பர் வளையத்தில் துளி எண்ணெய் தடவி அழுத்தினார். தஞ்சாவூரில் பாதி விலைக்கும் ஒன்று கிடைத்தது, அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். நுனிக்கும் பல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். வார்ப்பு கொஞ்சம் தப்பாக இருந்தாலும் துடிப்பு பலவீனமாகும். இந்த வகைச் சென்சாரில் துடிப்பின் பலம் சக்கரத்தின் வேகத்தைப் பொறுத்தது. செல்ஃப் நேரத்தில் வேகம் ஏற்கெனவே குறைவு. பேட்டரியும் சோர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சூட்டில் நிற்கும் வண்டி என்றால் எல்லாமே கிராங்க் சென்சார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவில் இன்னொருவர் காரில் இதற்கு நேர்மாறான குறை. காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது, பெட்ரோல் வாடை அடிக்கும், ப்ளக் நனைந்திருக்கும். அதில் கெட்டிருந்தது தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லும் சென்சார். இந்தச் சென்சாரில் சூடு ஏற ஏறத் தடை குறையும். அதன் இணைப்பு விட்டுப்போனால் இசிஎம்முக்கு மைனஸ் 40 டிகிரி என்று தெரியும். மார்கழிப் பனியில் கூடத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும் என்று இருக்கும் ஊரில், கார் தான் சைபீரியாவில் நிற்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். மைனஸ் 40 என்றால் பெரும்பாலான வண்டிகள் நம்பாமல் பிழைக் குறியீடு போட்டுவிடும். சிக்கல், சென்சார் அரைகுறையாகக் கெட்டு மைனஸ் 5 என்று சொல்லும்போதுதான். அது நடக்கக்கூடிய அளவு என்பதால் குறியீடே விழாது. இரவு முழுக்க நின்ற காரில் ஸ்கேனரை மாட்டி, வெளிக்காற்றின் வெப்பமும் இன்ஜின் தண்ணீரின் வெப்பமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். அந்தக் காரில் அப்படிப் பார்த்துத்தான் அண்ணன் பிடித்தார்.

சித்தப்பாவின் காருக்கு அண்ணன் போட்ட கூலி சென்சார் மாற்றியதற்கு மட்டும். வடுவூர் போய் வந்தது, வெயிலில் காத்திருந்தது, ஒயர் ஒயராகப் பார்த்தது எதற்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"கழற்றிய பொருளைக் கையில் கொடுத்தால் காசு கொடுப்பார்கள், தம்பி. பார்த்ததற்குக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்."

என் பட்டறையிலும் இதே கதைதான். கருகாத மோட்டாரை மீட்டர் வைத்துப் பார்த்து, ஸ்டார்ட்டரில்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பினால் கையில் நாலு காசு தேறாது. காயிலை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டினால் கூலி உண்டு. புதுப் பேட்டரியும் ப்ளக்கும் பம்ப்பும் வந்த வழி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவசரமாகப் போக வேண்டியவருக்கும், பார்க்கும் நேரத்துக்குக் காசு கிடைக்காதவருக்கும் நடுவில் மாற்றுவதுதான் சுலபமான வழி.

அண்ணனிடம் இதைப் பேசிப் பேசி, இப்போது பட்டறைச் சுவரில் 'சோதிக்கும் கூலி தனி' என்று எழுதி வைத்திருக்கிறார். சிலர் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறார்கள். சிலர் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். சித்தப்பா போன வாரம் பிரேக் சத்தத்துக்குப் போனபோது, "நம்மிடமுமா?" என்று கேட்டிருக்கிறார்.